மெல்ல ஓடுபவரே வெல்ல ஓடுவார்

நலம் பேணுவோம்

நடைப்பயிற்சியின் நன்மைகளைப் பற்றி இப்பகுதியில் முன்னர் எழுதியதைத் தொடர்ந்து வாசகர்கள் பலர் மடல் எழுதியிருந்தனர். அவற்றுள் இரண்டு மடல்கள் நம்மைச் சிந்திக்க வைத்தன.

ஒன்று, 46 வயதுக் குடும்பத் தலைவர் ஒருவருடையது. அவருக்குச் சர்க்கரை நோயின் தொடக்க நிலை. மருத்துவர் உடலைச் சோதித்து, நடப்பதோடு மெதுவாக ஓடவும் செய்யலாம் என்று கூறியிருக்கிறார். "ஆனால் என்னால் இரண்டு கிலோமீட்டரைத் தாண்ட முடியவில்லை. மூச்சு முட்டுகிறது; கணைக்கால் வலிக்கிறது. இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் பதினைந்தே நாளில் விட்டுவிட்டேன். ஓட்டம் எனக்கு ஏற்றதன்று என்று முடிவு செய்துவிடலாமா?" என்று அவர் கேட்கிறார்.

மற்றொன்று, 1,500 மீட்டர் பந்தயங்களில் ஓடும் கல்லூரி மாணவர் ஒருவருடையது. நண்பர்கள் அவரைப் 10 கிலோமீட்டர் சாலை ஓட்டத்துக்கு அழைக்கிறார்களாம். "நெடுந்தொலைவு ஓடிப் பழகினால் என் வேகம் குன்றிவிடாதா?" என்பது அவருடைய ஐயம்.

முதலாமவருக்கு உடல்நலம் பெரிது. இரண்டாமவருக்கு வெற்றி பெரிது. வயதிலும் நோக்கத்திலும் இருவருக்கும் பொருத்தமே இல்லை. ஆயினும் இருவர் கேள்விக்கும் விடை ஒன்றுதான். அந்த விடையைக் கண்டறிந்தவர் மருத்துவரும் அல்லர், பேராசிரியரும் அல்லர். அவர் ஒரு காலணித் தொழிற்சாலைத் தொழிலாளி.

காலணித் தொழிலாளியின் சோதனை

ஆர்தர் லிடியார்ட், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1917ஆம் ஆண்டு பிறந்தவர். இளமையில் ரக்பி ஆடியவர். தம் உடல் உறுதியாகவே இருக்கிறது என்று நம்பியிருந்தவர். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதில், ஓட்டக் கழகத்தைச் சேர்ந்த மூத்த நண்பர் ஒருவர் அவரைச் சில மைல் தூரம் ஓடிவர அழைத்துச் சென்றார். அந்தச் சில மைல்களுக்குள் லிடியார்டின் நெஞ்சு படபடத்தது, கால்கள் துவண்டன. இந்த வயதிலேயே இப்படியென்றால், இன்னும் இருபது ஆண்டுகள் கழிந்தால் தம் நிலை என்னாகும் என்ற அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது.

அந்த அச்சமே அவரை ஆராய்ச்சியாளராக்கிற்று. தம் உடலையே ஆய்வுக்கூடமாகக் கொண்டார். ஒரு வாரம் மிகுதியாக ஓடினார். ஒரு வாரம் குறைத்துப் பார்த்தார். விரைந்து ஓடினார், மெதுவாக ஓடினார். ஒவ்வொன்றுக்கும் உடல் என்ன மறுமொழி தருகிறது என்று ஆண்டுக்கணக்கில் கவனித்தார். தொழிற்சாலை வேலையோடு, குடும்ப வருவாய்க்காக வீடுகளுக்குப் பால் கொண்டு கொடுக்கும் வேலையும் பார்த்த மனிதர் அவர். ஓட்டத்தால் ஒரு காசும் வராத காலம் அது.

1953ஆம் ஆண்டிலும் 1955ஆம் ஆண்டிலும் நியூசிலாந்தின் மாரத்தான் வெற்றியாளராக அவர் திகழ்ந்தார். ஆனால் அந்தப் பட்டங்களைக் காட்டிலும் பெரிய செய்தி ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. மாரத்தானுக்காக நெடுந்தொலைவு, மூச்சு முட்டாத வேகத்தில் ஓடிப் பழகியபோது, குறுந்தொலைவுப் பந்தயங்களிலும் அவருடைய நேரம் குறைந்துகொண்டே வந்தது. வேகப் பயிற்சி செய்யாமலே வேகம் கூடியிருந்தது!

அக்கம்பக்கத்து இளைஞர்கள் சிலர் அவரோடு ஓடத் தொடங்கினர். அவர்களும் வேலைக்குச் சென்றவாறே ஓடியவர்கள். அவர்கள் அனைவருக்கும் அவர் வகுத்த அடிப்படைப் பயிற்சி ஒன்றே: வாரத்துக்கு ஏறத்தாழ 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். ஞாயிறுதோறும் வையாடருவா குன்றுப் பாதையில் 22 மைல். 800 மீட்டர் ஓடுபவரும் அதையே ஓடவேண்டும். மாரத்தான் ஓடுபவரும் அதையே ஓடவேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பந்தயத்துக்கு இரண்டரை மணி நேரம் ஓடிப் பழகுவதா என்று பலர் நகைத்தனர்.

ரோம் நகரில் கிடைத்த விடை

நகைப்புக்கான விடை 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் கிடைத்தது. செப்டம்பர் 2ஆம் நாள், 21 வயதே நிரம்பிய பீட்டர் சினெல் 800 மீட்டரில் தங்கம் வென்றார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள், அதே அரங்கில் மர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரில் தங்கம் வென்றார். ஹால்பர்க்கின் இடக்கை, 17 வயதில் ரக்பி ஆட்டத்தில் பட்ட காயத்தால் செயலிழந்து போனது என்பதையும் இங்கே நினைவுகூரவேண்டும். எட்டு நாள்கள் கழித்து நடைபெற்ற மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி முதலிடம் பெற்றார். மொராக்கோவின் ராதி பின் அப்துஸ்ஸலாம் இரண்டாமிடம் பெற்றார். மூன்றாமிடம் பெற்றவர் பாரி மகீ. சினெல், ஹால்பர்க், மகீ மூவரும் லிடியார்டின் மாணவர்கள். ஒரே ஊர், ஒரே குன்று, ஒரே ஆசான். ஆனால் 800 மீட்டர் முதல் 42 கிலோமீட்டர் வரை மூன்று பதக்கங்கள்.

இதைவிடத் தெளிவான சான்றும் உண்டு. 1961ஆம் ஆண்டு டிசம்பரில் சினெல் ஒரு மாரத்தானை 2 மணி 41 நிமிடத்தில் ஓடி முடித்தார். அடுத்த மாதம், 1962 ஜனவரி 27 அன்று, புல்தரை ஓடுபாதையில் ஒரு மைலை 3 நிமிடம் 54.4 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அதற்கு ஒரு வாரம் கழித்து, 800 மீட்டரிலும் 1 நிமிடம் 44.3 நொடியில் உலக சாதனை. நெடுந்தொலைவு ஓட்டம் அவருடைய வேகத்தைக் குன்றச் செய்யவில்லை, தாங்கி நின்றது. கல்லூரி மாணவரின் ஐயத்துக்கு இதுவே முதல் விடை.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

நம் தசைகள் இயங்குவதற்கு வேண்டிய ஆற்றல் இருவழிகளில் கிடைக்கிறது. ஒன்று, மூச்சின் வழியாக வரும் பிராணவாயுவைக் கொண்டு, சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்துப் பெறுவது. இது மெதுவாக வரும். ஆனால் நெடுநேரம் நீடிக்கும். மற்றொன்று, பிராணவாயு போதாதபோது தசை அவசரமாகப் பெறுவது. இது விரைவாக வரும். விரைவிலேயே களைப்பையும் கொண்டுவரும்.

குறுந்தொலைவு ஓட்டம் முழுவதும் இரண்டாம் வழியைச் சார்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். 100 மீட்டருக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் 800 மீட்டரிலேயே ஆற்றலில் பாதிக்கு மேல் பிராணவாயுவின் வழியாகவே கிடைக்கிறது. 1,500 மீட்டரில் அப்பங்கு இன்னும் பெரிது. 5 கிலோமீட்டரில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல். மாரத்தானில் ஏறத்தாழ முழுவதும் அதுவே. ஆகவே, பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறனை வளர்ப்பவர், 800 மீட்டருக்கு அப்பாலுள்ள எல்லாத் தொலைவுகளுக்கும் ஒருசேர ஆயத்தமாகிறார்.

அத்திறன் மெதுவான ஓட்டத்தில் எவ்வாறு வளர்கிறது? இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான குருதியை அனுப்பக் கற்றுக்கொள்கிறது. தசைகளுக்கிடையே நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகுகின்றன. ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா எனும் நுண்ணுறுப்புகள் தசைக்குள் மிகுகின்றன. கொழுப்பை எரிக்கும் பழக்கம் உடலுக்கு உண்டாகிறது. தசைகள் குருதியிலுள்ள சர்க்கரையை எளிதில் ஏற்றுக்கொள்கின்றன. சர்க்கரை நோயின் வாயிலில் நிற்கும் நம் வாசகருக்கு, பந்தயப் பதக்கத்தைக் காட்டிலும் இந்தக் கடைசி நன்மை பெரிதல்லவா?

இம்மாற்றங்கள் ஒரு வாரத்தில் வருவன அல்ல, மாதங்கள் ஆகும். நாள்தோறும் மூச்சிரைக்க ஓடுபவர் அத்தனை மாதங்கள் நீடிப்பதில்லை. காயம் அவரை நிறுத்திவிடும். அல்லது சலிப்பு நிறுத்திவிடும். 46 வயது வாசகர் பதினைந்து நாளில் விட்டுவிட்டதற்குக் காரணம் அவருடைய வயதன்று. அவர் தேர்ந்துகொண்ட வேகம்தான்.

எது மெதுவான ஓட்டம்?

இதற்குக் கருவி எதுவும் வேண்டா. ஓடும்போது அருகில் வருபவரோடு முழு வாக்கியங்களாகப் பேச முடியவேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்று பொருள். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த வேகம், ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடமாகவோ 9 நிமிடமாகவோ இருக்கலாம். விரைந்து நடப்பவர் நம்மைத் தாண்டிச் செல்லவும் கூடும். அதில் இழுக்கொன்றும் இல்லை.

வாரத்துக்கு 160 கிலோமீட்டர் என்பது உலக வெற்றியாளர்களுக்கான அளவு. நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அளவையன்று, அதன் விகிதத்தை. நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற உடலியல் அறிஞர், பல நாடுகளின் முன்னணி வீரர்களுடைய பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து, அவர்களின் பயிற்சிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பங்கு எளிய வேகத்திலேயே அமைந்திருப்பதைக் காட்டினார். கடும்பயிற்சி எஞ்சிய 20 பங்கு மட்டுமே. நம்மைப் போன்ற எளிய ஓட்டக்காரர்கள் செய்வதோ இதற்கு மாறானது. எல்லா நாளும் நடுத்தரமான, சிறிது மூச்சிரைக்கும் வேகம்! அது மெதுவான ஓட்டத்தின் பயனையும் முழுமையாகத் தருவதில்லை. விரைந்த ஓட்டத்தின் பயனையும் தருவதில்லை. களைப்பை மட்டும் தவறாமல் தருகிறது.

குடும்பத் தலைவருக்கு ஒரு வழி

முதல் மாதம் வாரத்தில் நான்கு நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இவ்வாறு பத்து முறை. உடல் இசைந்தால் வாரந்தோறும் ஓடும் நேரத்தைச் சிறிது கூட்டி, நடையைக் குறைத்து வாருங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் 30 நிமிடம் தொடர்ந்து ஓடும் நிலையைப் பெரும்பாலானோர் எய்திவிடுவர். எய்தாதவர் இன்னும் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேர்ச்சி பெற்றுவிடும். எலும்பும் மூட்டும் குதிகால் நாணும் அவ்வளவு விரைவில் உறுதி பெறுவதில்லை. "மூச்சு நன்றாக இருக்கிறதே" என்று தொலைவைத் திடீரெனக் கூட்டும்போதுதான் கணைக்கால் வலி வருகிறது. ஆகவே மூன்று வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நான்காம் வாரம் குறைத்து ஓடுங்கள். ஒரே இடத்தில் நிலைத்து, நாளுக்கு நாள் மிகும் வலியைப் பொருட்படுத்தாமல் ஓடவேண்டா.

30 நிமிட ஓட்டம் கைகூடிய பின், வாரத்தில் ஒரு நாளை நெடிய ஓட்டத்துக்கென வைத்துக்கொள்ளுங்கள். 5 கிலோமீட்டரில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கிலோமீட்டர் கூட்டினால், ஏறத்தாழ மூன்று மாதங்களில் 10 கிலோமீட்டரைத் தாண்டிவிடலாம். அதன் பிறகு 10 கிலோமீட்டர் பந்தயம் உங்களை அச்சுறுத்தாது. வேகப் பயிற்சியை அதுவரை நினைக்கவே வேண்டா. விரும்பினால், எளிய ஓட்டம் ஒன்றின் முடிவில் 20 நொடி வீதம் நான்கைந்து முறை சற்றே விரைந்து, தளர்வாக ஓடிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இடையில் நன்றாக நடந்து இளைப்பாறுங்கள். கால்கள் வேகத்தை மறவாதிருக்க அது போதும்.

மாணவருக்கு ஒரு வழி

லிடியார்ட் ஆண்டைப் பருவங்களாகப் பிரித்தார். உழவர் விதைப்பதற்கும் அறுப்பதற்கும் பருவம் பார்ப்பதுபோல ஓட்டத்துக்கும் பருவம் உண்டு என்பது அவர் கொள்கை. பந்தயப் பருவத்துக்கு ஐந்தாறு மாதம் முன்னரே தொடங்கவேண்டும்.

முதற்பருவம், அடித்தளம். பத்து வாரங்களேனும் எளிய ஓட்டம். இப்போது வாரம் 25 கிலோமீட்டர் ஓடும் மாணவர் மெல்ல மெல்ல 40, 45 என உயர்த்தலாம். வாரம் ஒருநாள் 12 முதல் 15 கிலோமீட்டர் வரையிலான நெடிய ஓட்டம். நண்பர்கள் அழைக்கும் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் இப்பருவத்தில் தாராளமாகக் கலந்துகொள்ளலாம்.

இரண்டாம் பருவம், மேடு. நான்கு வாரங்கள், வாரம் இருமுறை, மேட்டுச் சாலையில் துள்ளலோடு ஏறி, மெதுவாக இறங்குவது. இது கால்களுக்கு வலுவைத் தரும். மேடில்லாத ஊரில் பாலத்தின் சரிவோ, அரங்கின் படிக்கட்டோ போதும்.

மூன்றாம் பருவம், வேகம். இதற்கும் நான்கு வாரங்கள் போதும். 400 மீட்டரை 1,500 மீட்டர் பந்தய வேகத்தில் ஆறு முதல் எட்டு முறை ஓடி, ஒவ்வொன்றுக்கும் இடையே மெல்லோட்டத்தில் இளைப்பாறுவது ஒருநாள். 800 மீட்டரை 5 கிலோமீட்டர் பந்தய வேகத்தில் நான்கைந்து முறை ஓடுவது மற்றொரு நாள். ஏனைய நாள்கள் யாவும் எளிய ஓட்டமே. அடித்தளம் இல்லாமல் இப்பயிற்சியை மாதக்கணக்கில் நீட்டித்தால், முன்னேற்றம் தொடக்கத்தில் வேகமாகத் தோன்றிப் பின்னர் நின்றுவிடும்.

கடைசிப் பத்து நாள்கள், ஓய்வு. தொலைவைப் பாதியாகக் குறைக்கவேண்டும். பந்தயத்துக்கு முந்தைய வாரத்தில் கடுமையாக ஓடி எவரும் கூடுதல் ஆற்றல் பெற்றதில்லை; பெற்றிருந்ததை இழந்தவர் பலர்.

உங்கள் குறை எங்கே?

தாம் எதில் பின்தங்கியிருக்கிறோம் என்று அறிய ஓர் எளிய கணக்கு உண்டு. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், தாமும் மாரத்தான் ஓடியவர், 1977ஆம் ஆண்டு அதை வெளியிட்டார். தொலைவு இருமடங்கானால், ஆகும் நேரம் இருமடங்கைவிடச் சற்றே கூடி, ஏறத்தாழ 2.08 மடங்காகிறது என்பது அதன் சாரம். பந்தயத்தில் 5 கிலோமீட்டரை 30 நிமிடத்தில் ஓடுபவர், உரிய பயிற்சி இருந்தால், 10 கிலோமீட்டரை 62 நிமிடம் 30 நொடியிலும், 21 கிலோமீட்டர் அரை மாரத்தானை 2 மணி 18 நிமிடத்திலும், முழு மாரத்தானை 4 மணி 48 நிமிடத்திலும் ஓடக்கூடும்.

உங்கள் 5 கிலோமீட்டர் நேரம் 30 நிமிடம். ஆனால் 10 கிலோமீட்டருக்கு 70 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்களிடம் வேகம் இருக்கிறது. தாக்குப்பிடிக்கும் ஆற்றல் இல்லை. நெடிய ஓட்டத்தைக் கூட்டவேண்டும். மாறாக, 10 கிலோமீட்டரை 62 நிமிடத்தில் ஓடுபவர் 5 கிலோமீட்டருக்கும் 31 நிமிடம் எடுத்துக்கொண்டால், அவருக்கு மேட்டுப் பயிற்சியும் வேகப் பயிற்சியும் தேவை. ஆனால் மாரத்தானைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. வாரத்துக்கு மிகக் குறைந்த தொலைவே ஓடுபவருக்கு இக்கணக்கு கூறும் நேரம் எட்டாதது. அதை நம்பித் தொடக்கத்தில் விரைபவர் 30ஆம் கிலோமீட்டரில் தள்ளாடி நிற்பார். எந்தப் பந்தயமாயினும் முற்பாதியை அடக்கியும் பிற்பாதியைத் துணிந்தும் ஓடுவதே அறிவுடைமை.

நோன்புக் காலமும் மகளிரும்

ரமளான் மாதத்தில் பயிற்சியை விட்டுவிடுவதா, தொடர்வதா என்ற கேள்வியும் வருவதுண்டு. அம்மாதத்தில் முன்னேற எண்ணவேண்டா. இருப்பதைக் காத்துக்கொண்டால் போதும். வாரம் மூன்று நாள், நோன்பு துறப்பதற்குச் சற்று முன் 20 அல்லது 30 நிமிட மெல்லோட்டம். அல்லது இஃப்தார் முடிந்து உணவு செரித்த பின்னர் ஓடலாம். கடும்பயிற்சி வேண்டா. நீரை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே சிறிது சிறிதாகப் பருகுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நோன்பு நோற்றவாறு ஓடுவது ஆபத்தானது; குருதியில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடக்கூடும். மருத்துவரின் சொல்லே அங்கு முடிவு.

குறுந்தொலைவும் நெடுந்தொலைவும் ஒருவருக்கே கைகூடும் என்பதற்கு நம் காலத்துச் சான்று, ஒரு முஸ்லிம் பெண்மணி. எத்தியோப்பியாவில் பிறந்து, 15 வயதில் அகதியாக நெதர்லாந்து சென்ற ஸிஃபான் ஹஸன், 2019ஆம் ஆண்டு தோஹாவில் நடந்த உலகப் போட்டியில் 1,500 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வென்றார். 2023ஆம் ஆண்டு, ரமளானில் நோன்போடு பயிற்சியும் செய்து, பெருநாள் கழிந்த சில நாள்களுக்குள் லண்டன் மாரத்தானில் முதன்முறையாக ஓடி, இடையில் வலியால் நின்று உடலை வளைத்துச் சரிசெய்துகொண்டு, பின்னர் முதலாவதாக வந்தார். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் வெண்கலம் வென்று, இறுதிநாளில் மாரத்தானில் தங்கம் வென்றார். பதக்கம் பெற மேடையேறியபோது அவர் ஹிஜாப் அணிந்திருந்தார்.

நம் இல்லத்துப் பெண்கள் ஒலிம்பிக்குக்குச் செல்லவேண்டும் என்பதற்காக இதைக் கூறவில்லை. ஓட்டம் பெண்களின் எலும்புகளுக்கு உறுதி தருவது. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்குவோருக்கு அவ்வுறுதி மிகவும் தேவை. தளர்வான பருத்தி உடை, நல்ல காலணி, உடன்வர கணவரோ மகளோ தோழியோ ஒருவர், இவை போதும். வாப்பாவுக்கு அரைமணி நேரம் ஒதுக்கித் தரும் குடும்பம், உம்மாவுக்கும் அதை ஒதுக்கித் தரவேண்டும்.

எச்சரிக்கை

40 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு நிகழ்ந்தவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கண்ட பின்னரே தொடங்கவேண்டும். ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், இடக்கை அல்லது தாடை வலி, மயக்கம் தோன்றினால் உடனே நின்று உதவி கேளுங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்ற எண்ணம் உயிருக்கே கேடாய் முடியும். வெப்பம் மிகுந்த நம் நிலத்தில் சுப்ஹுத் தொழுகைக்குப் பின், வெயில் ஏறுமுன் ஓடி முடிப்பதே நன்று. தாகத்துக்கேற்ப நீர் பருகுங்கள். அளவு மீறிப் பருகினால் குருதியில் உப்பின் அளவு தாழ்ந்து தீங்கு நேரும். சர்க்கரை நோயாளர்கள் ஓடியபின் பாதங்களை நாள்தோறும் பார்த்து, சிறு கொப்புளத்தையும் கவனியுங்கள். சட்டைப்பையில் இனிப்புத் துண்டொன்று எப்போதும் இருக்கட்டும்.

அச்சுறுத்துவதற்காக இவற்றை எழுதவில்லை. உரிய முறையில் ஓடினால் நோயுற்ற இதயமும் தேறும் என்பதையும் ஆக்லாந்து நகரமே காட்டியது. லிடியார்டின் ஊக்கத்தால் 1962ஆம் ஆண்டில் அங்கு மெல்லோட்டக் கழகம் ஒன்று தோன்றியது. பருத்த வணிகர்களும், மாரடைப்பிலிருந்து தேறியவர்களும் அவருடைய முறைப்படி மெல்ல ஓடினர். அவ்வாண்டின் இறுதியில், பில் பவர்மன் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பயிற்சியாளர் அங்கு வந்தார். 51 வயது, உலகத் தரமான வீரர்களை உருவாக்கியவர், ஆனால் தாம் ஓடுவதில்லை. லிடியார்ட் அழைத்ததால் அவரும் கூட்டத்தோடு ஓடினார்; சிறிது தூரத்திலேயே மூச்சுத் திணறிப் பின்தங்கினார். அவருக்குத் துணையாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேசியபடியே ஓடிவந்தவர் எழுபது வயதைத் தாண்டிய முதியவர். அதுவும் முன்னரே மாரடைப்பு கண்டவர்! பவர்மனால் மறுமொழி கூறவும் மூச்சு இல்லை. ஊர் திரும்பியதும் தம் ஓரிகன் மாநிலத்து மக்களை மெல்லோட்டத்துக்கு அழைத்தார். ஓர் இதய மருத்துவருடன் இணைந்து நூலும் எழுதினார். அமெரிக்காவில் பொதுமக்களிடையே மெல்லோட்டம் பரவியதற்கு அப்பயணம் ஒரு பெருங்காரணம்.

லிடியார்ட் 2004ஆம் ஆண்டு, தம் 87ஆம் வயதில், அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தபோது காலமானார். இருபத்தேழு வயதில் தம் முதுமையை எண்ணி அஞ்சியவர், முதுமையிலும் ஊர் ஊராய்ச் சென்று ஓட்டத்தைக் கற்பித்தவாறே வாழ்ந்து முடித்தார்.

நாளைக் காலை ஓடப் போகிறவர் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லலாம். பேச்சுத்துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். பேச்சு தடைப்படும் இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். பேச்சு தொடரும்வரை ஓட்டத்தையும் தொடருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் ஓட்டத்துக்கு ஏற்ற காலணியைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் காண்போம்.